ஃபோட்டோஷாப்பில் வீடியோ லேயரைத் திருத்தி அசைவூட்ட முடியுமா? இதற்கென்று வேறு மென்பொருள் கற்க வேண்டுமா?

முடியும். திருமண அழைப்பு, ஆலயத் திருவிழா அறிவிப்பு, நினைவஞ்சலி என்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் காணொளிகளுக்கு ஃபோட்டோஷாப்பே போதும். வானத்தில் இருந்த கறையைத் துடைத்த பிறகும் காணொளியை ஓட்டினால் கறை அப்படியே தெரிகிறது, ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீடியோ லேயர் பார்ப்பதற்கு ஒரு லேயர்தான். ஆனால் வினாடிக்கு 25 ஃபிரேம் வீதம் எடுத்த பத்து வினாடிக் காணொளியில் 250 தனிப் படங்கள் இருக்கின்றன. ஓரிடத்தை நகலெடுத்து மற்றோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் கருவியை வைத்து நீங்கள் துடைத்தது டைம்லைன் முள் நின்ற ஒரே ஒரு படத்தில். மீதி 249 படங்களிலும் கறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஃபில்டரும் இப்படித்தான்; வீடியோ லேயரில் நேரடியாகப் போட்டால் அந்த ஒரு ஃபிரேமை மட்டுமே மாற்றும். ஆகவே கை வைக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றம் ஒரு ஃபிரேமுக்கா, எல்லா ஃபிரேமுக்குமா?

நான் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டில் படக்கடை வைத்திருக்கிறேன். இங்கே இந்தக் கறைத் தொல்லை அடிக்கடி வரும். கேமராவின் சென்சாரில் ஒட்டிய தூசி, தேர் புறப்பாட்டின்போது வெளிர்வானத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். கேமரா முக்காலியில் இருந்ததா, கையில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். முக்காலியில் இருந்து, வானமும் அசையாமல் இருந்தால் 250 ஃபிரேமையும் தொட வேண்டியதில்லை. கறைக்குப் பக்கத்தில் உள்ள சுத்தமான வானத்தை லாசோ என்ற தேர்வுக் கருவியால் விளிம்பு மென்மையாக வளைத்து, காப்பி செய்து, கறையின் மேல் தனி லேயராக ஒட்டிவிடுங்கள். அந்த ஒட்டு காணொளி முழுவதும் கறையை மூடிக்கொண்டிருக்கும்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காணொளியைத் திறந்தவுடன் ஃபோட்டோஷாப் அதை ஒரு ‘வீடியோ குரூப்’புக்குள் வைக்கிறது. அந்தக் குரூப்புக்குள் இருப்பவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்காது. உங்கள் ஒட்டு உள்ளே விழுந்துவிட்டால், காணொளி முடிந்த பிறகு ஒரு துண்டு வானம் மட்டும் தனியாகத் தோன்றும். லேயர் பேனலில் அதைப் பிடித்து இழுத்துக் குரூப்புக்கு வெளியே, மேலே வையுங்கள். பிறகு டைம்லைனில் அதன் பட்டையைக் காணொளியின் நீளத்துக்கு இழுத்து நீட்டுங்கள்.

கேமரா கையில் இருந்திருந்தால் கதை வேறு. கறை திரையில் ஒரே இடத்தில் நிற்கும். பின்னால் உள்ள வானமும் கோபுரமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது ஃபிரேம் ஃபிரேமாகத்தான் துடைக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் பயம் வேண்டாம். வீடியோ லேயரில் நீங்கள் தீட்டுவது மூலக் கோப்பைத் தொடாது. பிடிக்கவில்லை என்றால் லேயர் மெனுவில் வீடியோ லேயர்ஸ் என்ற இடத்தில் ‘ரெஸ்டோர் ஃபிரேம்’ இருக்கிறது. அந்த ஃபிரேம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குளோன் சோர்ஸ் பேனலில் ‘லாக் ஃபிரேம்’ என்று ஒரு பெட்டி உண்டு. அதில் குறியிட்டால், நீங்கள் நகர்ந்துகொண்டே போனாலும் நகல் எடுக்கும் ஃபிரேம் மாறாது. நல்ல ஃபிரேம் ஒன்று கிடைத்துவிட்டால் இது பெரிய உதவி.

எல்லா ஃபிரேமும் ஒரே மாதிரி மாற வேண்டும் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. நிறமும் வெளிச்சமும் மட்டும் என்றால், காணொளியின் மேல் தனியாக வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். தீமிதி இரவில் எடுத்த காட்சிகளுக்கு நான் வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் ஒன்றைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். நிழலைச் சற்றுத் தூக்கி, தணலின் செம்மை வெளிறாமல் மேல்பகுதியை அப்படியே விட்டுவிடுவேன். மங்கலாக்குவது, கூர்மையாக்குவது போன்ற ஃபில்டர்கள், அளவு மாற்றுவது, சாய்ப்பது என்றால் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது மூலத்தைத் தொடாமல் முழுதாகப் பொதிந்து வைக்கும் லேயராக மாற்றியாக வேண்டும். அதன்மேல் போடும் ஃபில்டர் முழுக் காணொளிக்கும் பொருந்தும், பிறகு திருத்தவும் முடியும். வெறும் வீடியோ லேயரின் டைம்லைனில் பொசிஷன் (இடம்), ஒபாசிட்டி (ஊடுருவாத அளவு), ஸ்டைல் (நிழல் போன்ற அலங்காரம்) என்ற மூன்றும்தான் இருக்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டானதும் பொசிஷன் இருந்த இடத்தில், இடத்தோடு அளவையும் சாய்வையும் மாற்றும் டிரான்ஸ்ஃபார்ம் வந்து நிற்கும். அசைவூட்டலின் உயிரே அந்த டிரான்ஸ்ஃபார்ம்தான்.

அசைவூட்டும் முறை எளிது. வேண்டிய பண்பின் பக்கத்தில் உள்ள கடிகாரக் குறியை அழுத்தினால் முள் நிற்கும் இடத்தில் முதல் கீஃபிரேம், அதாவது அந்த நொடியின் நிலையைக் குறித்து வைக்கும் புள்ளி விழும். முள்ளை நகர்த்தி, படத்தையும் நகர்த்தினால் அடுத்தது தானாக விழும். இடைப்பட்ட ஃபிரேம்களை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். அதே கடிகாரத்தை மறுபடி அழுத்தினால் அந்தப் பண்பில் வைத்த கீஃபிரேம் அத்தனையும் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான வேலையைச் சொல்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகள் பல இடங்களில் இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பவை சில கறுப்பு வெள்ளைப் படங்கள். பாட்டி பால்மரம் சீவும் படம் ஒன்றைக் கொண்டுவந்து, முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு இதைக் காணொளியாக்கித் தர முடியுமா என்று கேட்பார்கள். கையில் உளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, பின்னால் நிரை நிரையாக மரங்கள். இந்தப் படத்துக்குக் காணொளி எதுவும் தேவையில்லை. இரண்டு லேயர் போதும்.

திரை 1920க்கு 1080 பிக்சல் என்றால், ஒன்றரை மடங்கு நெருங்கிப் போவதற்குக் குறைந்தது 2880 பிக்சல் அகலத்தில் ஸ்கேன் செய்யுங்கள். குறைந்தால் நெருங்கும்போது முகம் கலங்கும். பாட்டியையும் அவர் முன் நிற்கும் மரத்தையும் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வைத்துத் தனி லேயராகப் பிரித்தெடுங்கள். அடியில் உள்ள படத்தில் அவர்கள் இருந்த இடத்தைக் சுற்றியுள்ளதைப் பார்த்து நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில் கொண்டு மரங்களாலேயே நிரப்புங்கள். இரண்டையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, எட்டு வினாடிக்குள் பின்னணியை மூன்று சதவீதமும் முன்னால் இருப்பவர்களை எட்டு சதவீதமும் பெரிதாக்குங்கள். பின்னால் உள்ள நிரைகள் மெல்ல விலகுவது போலவும் பாட்டி நம்மை நோக்கி ஓரடி வருவது போலவும் தோன்றும். முந்தானை ஓரம், கூந்தல், உளி பிடித்த விரல்கள் ஆகியவற்றில் மாஸ்க்கின் விளிம்பை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தாலும் மொத்த வேலையும் கெட்டுவிடும்.

இறந்தவரின் கண்ணை இமைக்க வைப்பது, உதட்டை அசைப்பது போன்றவற்றைக் கேட்டாலும் நான் செய்வதில்லை. அவர் செய்யாத ஒன்றை அவர் முகத்தில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. படத்துக்குள் பார்வையாளரை அழைத்துச் செல்வது போதும்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு வைத்திருந்தால் ‘கொ’, ‘போ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் இத்தகைய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டை இயக்குங்கள். அழைப்பிதழில் பெயர் தவறாக ஓடுவதைவிடப் பெரிய குறை இல்லை. எழுத்தைப் படமாக மாற்றாமல் எழுத்து லேயராகவே அசைவூட்டலாம். கடைசி நேரத்தில் முகூர்த்த நேரம் மாறினால் அதை மட்டும் திருத்தினால் போதும்.

ஃபிரேம் வேகத்தைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்தில் பழைய குழல் விளக்கின் கீழ் எடுக்கும்போது 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்று வைத்தால் திரையில் பட்டைகள் ஓடாது. டைம்லைனையும் 25க்கே வையுங்கள்.

இனி, வேறு மென்பொருள் வேண்டுமா என்ற கேள்வி. ஃபோட்டோஷாப்பில் கீஃபிரேம்களுக்கு இடையே அசைவு சீராக ஓடும், அல்லது அடுத்த கீஃபிரேம் வரை நின்றுவிட்டுச் சட்டென்று தாவும். இந்த இரண்டே வகைதான். மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் அசைவு வேண்டுமென்றால் கீஃபிரேம்களை நெருக்கி வைத்து நீங்களே உருவாக்க வேண்டும். ஒலியைச் சேர்க்கலாம், ஏற்றி இறக்கலாம்; அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஆகவே திருமணம் முழுவதையும் வெட்டி ஒட்டும் வேலை இதில் வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் செய்த முகப்பையும் எழுத்தையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

முடித்ததும் ஃபைல், எக்ஸ்போர்ட், ரெண்டர் வீடியோ என்று போய் எச்.264 வடிவில் எடுத்தால் புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் வாடகை எல்இடி திரைகளிலும் சிக்கலின்றி ஓடும். ஆனால் எச்.264 பின்னணியின் ஊடுருவும் தன்மையைத் தாங்காது. எழுத்து மட்டும் வேறொரு காணொளியின் மேல் மிதக்க வேண்டும் என்றால் குவிக்டைம் வடிவில், ஊடுருவும் தன்மையைச் சேமிக்கும் ஆல்ஃபா சானலோடு எடுங்கள்.

வேலைக் கோப்பைப் பெண்ட்ரைவில் எடுத்துச் செல்லும்போது மூலக் காணொளியையும் அதே ஃபோல்டரில் சேர்த்து எடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புக்குள் காணொளி இருக்காது, அது இருக்கும் இடத்தின் குறிப்புதான் இருக்கும். இணைப்பு அறுந்துவிட்டால் வீடியோ லேயர்ஸ் மெனுவில் ‘ரிப்ளேஸ் ஃபுட்டேஜ்’ வழியாக மீண்டும் காட்டிக்கொடுக்கலாம்.