வாசகர் கேள்வி–பதில்: வீட்டு சர்வருக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

கேள்வி: வீட்டில் உபயோகம் இல்லாமல் இருக்கும் டெஸ்க்டாப் ஒன்றில் ஓப்பன்மீடியாவால்ட் (கணினியைச் சேமிப்பு சர்வராக மாற்றும் இலவச இயங்குதளம்) நிறுவி, குடும்பத்தினர் அனைவருடைய படங்களையும் வீடியோக்களையும் ஒரே இடத்தில் சேமிக்க விரும்புகிறோம். இப்போது 2.5 டெராபைட் இருக்கிறது. ஆண்டுக்கு 300 ஜிபி அளவில் கூடுகிறது. வேகத்துக்கு எஸ்எஸ்டி வாங்கச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். 4 டெராபைட் டிஸ்க் இரண்டை வாங்கி ரெய்டு 1 முறையில் (இரண்டிலும் ஒரே தரவு ஒரே நேரத்தில் பதியும்படி) இணைக்கச் சொல்கிறார் இன்னொருவர். நிறுவனங்களில் கழற்றப்பட்ட எஸ்ஏஎஸ் டிஸ்க் (பெரிய சர்வர்களுக்கான இணைப்பு வகை) மலிவாகக் கிடைக்கும் என்கிறார் நண்பர். செலவைக் கருதினால் எது சரி?
— வாசகர் ஒருவர், மதுரை

பதில்: படங்களைச் சேமிக்க எஸ்எஸ்டி வேண்டாம். உங்கள் ரவுட்டர் கிகாபிட் வகையாக இருந்தால், அதன் வழியே நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பி மட்டுமே செல்லும். பெரிய கோப்புகளைப் படிக்கும்போது சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அந்த வேகத்தைத் தாண்டிவிடும். இயங்குதளத்தை நிறுவ மட்டும் 120 ஜிபி அளவில் ஒரு சிறிய எஸ்எஸ்டி இருந்தால் போதும்.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஆனால் அவற்றை ரெய்டு 1 முறையில் இணைக்காதீர்கள். ஒரு டிஸ்க் பழுதடைந்தாலும் சர்வர் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே ரெய்டு இருக்கிறது. யாராவது ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தாலும், மின்னழுத்தம் எகிறி கணினி கருகினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். அலுவலகத்தில் ஒரு நாள் வேலை நின்றால் நஷ்டம். வீட்டில் ஒரு நாள் படம் பார்க்க முடியாமல் போனால் யாருக்கும் கேடில்லை. ஆகவே ஒன்றைச் சர்வருக்குள் பொருத்தி, மற்றதை யூஎஸ்பி வழியாக வாரம் ஒருமுறை இணைத்து பேக்கப் எடுத்தபின் கழற்றி வேறு அறையில் வைப்பதே, அதே பணத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாதுகாப்பு.

இப்படிச் செய்தால் இன்னொரு சிக்கனமும் உண்டு: இரண்டு டிஸ்க்கும் ஒரே தரத்தில் இருக்க வேண்டியதில்லை. சர்வருக்குள் இருப்பது, தரவு எழுதப்படும் தடங்கள் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையாக இருக்கட்டும். எஸ்எம்ஆர் வகையில், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் தடங்கள் ஒன்றையொன்று ஓரளவு மூடியிருப்பதால், நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. இடைவிடாமல் எழுதும்போது வேகம் மிகவும் சரிந்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புச் சாதனங்களுக்கென விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆரைச் சொல்லாமல் சேர்த்திருந்தது 2020இல் வெளிப்பட்டது. அதன்பிறகே சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது. எனவே பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பாமல், மாடல் எண்ணை நிறுவனத்தின் விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர்தான். நாள் முழுவதும் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது, 3 ஆண்டு வாரண்டி உண்டு. அதே நிறுவனத்தின் பாரகுடா வரிசையின் விவரத்தாளோ ஆண்டுக்கு 2,400 மணி நேர இயக்கத்தையே குறிப்பிடுகிறது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் வாரம் ஓரிரு மணி நேரம் மட்டும் ஓடும் பேக்கப் டிஸ்க்குக்கு அந்த மலிவான வகையே தாராளம்; அது எஸ்எம்ஆராக இருந்தாலும் குறையில்லை.

நண்பர் சொல்லும் எஸ்ஏஎஸ் டிஸ்க்கை உங்கள் மதர்போர்டின் சாட்டா இணைப்பில் செருகவே முடியாது. அதற்கெனத் தனி கன்ட்ரோலர் கார்டு வாங்க வேண்டும். பெரிய சேமிப்பகங்களிலிருந்து வந்த சில டிஸ்க்குகள் 520 பைட் செக்டராக (செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். அவற்றை 512க்கு மாற்றாமல் கணினி ஏற்காது. ஒரே ஒரு டிஸ்க்குக்காக இவ்வளவு பாடுபடுவது மிச்சமில்லை.

4 டெராபைட் உங்களுக்கு நான்கு ஆண்டுக்காவது வரும். கணினி அதை 3.6 என்று காட்டினால் கலங்க வேண்டாம். கணக்கிடும் முறைதான் வேறு. டிஸ்க்கைவிட மின்சாரச் செலவை அதிகம் கவனியுங்கள். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 40 வாட் எடுக்கிறது என்றால், இரண்டு மாத மின்கணக்கில் ஏறத்தாழ 58 யூனிட் கூடும். ஹார்ட் டிஸ்க்கின் பங்கு அதில் 5 வாட் அளவே. இரவில் தானாக அணைந்து காலையில் இயங்கும்படி அமைத்தால் கணிசமாகக் குறையும்.

டிஸ்க் வந்ததும் படங்களை ஏற்ற அவசரப்படாமல், டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை முதலில் ஓட்டுங்கள். 4 டெராபைட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். முடிந்தபின் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய வரிசைகளின் (பழுதான, சந்தேகத்துக்குரிய செக்டர்களைக் காட்டுபவை) மூல எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். அவற்றில் எது ஏறியிருந்தாலும், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.