ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) கேமரா கேபிள்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

பயோமெடிக்கல் வேலையில் என் பாதி நாள் கேபிளோடுதான் போகிறது. லேப்ராஸ்கோபி (சிறு துளை ஆபரேஷன்) கேமராவில் தொடங்கி மானிட்டர் வரைக்கும் உள்ள ஒயர் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் சில இதோ.

கேள்வி (ஓ.டி. டெக்னீஷியன்): அண்ணா, காட்டரி பெடலை மிதித்தாலே திரையில் கோடு கோடாக ஓடுகிறது. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. கேமரா போய்விட்டதா?

போகவில்லை தம்பி. காட்டரி, அதாவது மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி, லட்சக்கணக்கான ஹெர்ட்ஸில் வேலை செய்யும். பக்கத்தில் ஓடும் கேபிள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். முதலில் டிரேப்பை (நோயாளி மேல் விரிக்கும் துணியை) பாருங்கள். கேமரா ஒயரையும் காட்டரி ஒயரையும் சேர்த்து ஒரே டவல் கிளிப்பில் மாட்டியிருப்பார்கள். பிரித்து, ஆளுக்கொரு பக்கமாக விடுங்கள். காட்டரி ஒயரை உலோகக் கிளிப்பில் சுற்றுவதே தப்பு. நோயாளிக்குத் தீக்காயம் வரலாம். அப்புறம் காட்டரிக்கும் கேமரா டவருக்கும் (கேமரா கருவிகளை அடுக்கிய ட்ராலி) வேறு வேறு பிளக் பாயின்ட் கொடுங்கள். அதற்கும் அடங்காமல், கேமரா ஹெட் ஒயரை யூனிட்டில் (கேமராவின் கட்டுப்பாட்டுப் பெட்டியில்) சொருகும் இடத்தில் மெல்ல அசைக்கும்போது படம் துள்ளினால், உள்ளே ஷீல்டு (வெளித் தொல்லையைத் தடுக்கும் உலோக உறை) அறுந்திருக்கலாம். ஒயரை முழங்கையில் இறுக்கிச் சுற்றி ஸ்டெரிலைசேஷனுக்கு அனுப்பினால் அப்படித்தான் ஆகும். பெரிய வட்டமாகத் தளர்வாகச் சுற்றுங்கள்.

கேள்வி (சர்ஜன்): புதிதாக 4கே கேமரா வாங்கினோம். எதிர்ச்சுவர் மானிட்டருக்கு 15 மீட்டர் எச்.டி.எம்.ஐ. போட்டார்கள். அவ்வப்போது திரை இருண்டு, இரண்டு நொடியில் திரும்பி வருகிறது. பழைய கேமராவுக்கு இதே கேபிள் நன்றாகத்தானே ஓடியது?

ஓடியிருக்கும் டாக்டர். எச்.டி.எம்.ஐ.யில் ஃபுல் எச்.டி.க்கு நொடிக்கு நாலரை கிகாபிட் போதும். 4கே, 60 ஃபிரேம் என்றால் 18 கிகாபிட். அதைச் சாதாரணச் செம்புக் கேபிளில் ஐந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. டிஜிட்டலில் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. நன்றாக இருந்துகொண்டே இருந்து, சட்டென்று போய்விடும். அதனால்தான் டெமோ அன்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வழி உண்டு. உங்கள் யூனிட்டில் 12ஜி-எஸ்.டி.ஐ. (தொழில்முறை வீடியோ இணைப்பு) அவுட்புட் இருந்தால், அதற்கென்றே வரும் தரமான 75 ஓம் கோ-ஆக்ஸ் கேபிள். பி.என்.சி. முனை என்பதால் திருகினால் பூட்டிக்கொள்ளும், யாராவது ட்ராலியை இழுத்தாலும் கழன்று வராது. இல்லையென்றால் ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாததால் காட்டரித் தொல்லையும் அதைத் தொடாது. ஆனால் ஃபைபர் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குத் திசை உண்டு: ஒரு முனை யூனிட்டுக்கு, மறுமுனை மானிட்டருக்கு. திருப்பி மாட்டிவிட்டு மானிட்டரைத் திட்டிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். (ஒருமுறை நானும்தான்.)

சில 4கே யூனிட்களில் படத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து நான்கு 3ஜி-எஸ்.டி.ஐ. கேபிள் போகும். இரண்டை மாற்றிச் சொருகினால் பித்தப்பை ஒரு மூலையிலும் அதன் கழுத்து வேறு மூலையிலும் தெரியும். நான்கிலும் எண் ஒட்டிவையுங்கள்.

கேள்வி (சிறிய நர்சிங் ஹோம் நடத்துபவர்): வீட்டு டி.வி.யையே மாட்டினால் என்ன? விலை பாதிகூட வராதே.

படம் வரும் சார். ஆனால் வீடியோ கேபிளின் ஷீல்டு வழியாக டி.வி.யின் உடம்பும் கேமரா டவரும் மின்சார ரீதியாக ஒன்றாகிவிடுகின்றன. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 விதிப்படி, நோயாளியைத் தொடும் பி.எஃப். வகை (எர்த்திலிருந்து தனிப்படுத்திய) பாகத்தில் இயல்பு நிலையில் 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசியக் கூடாது. வீட்டு டி.வி. அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டதல்ல. தாமதம் வேறு: டி.வி. படத்தை அழகுபடுத்திவிட்டுத்தான் காட்டும், கை அசைந்த பிறகு திரையில் கருவி அசையும். பக்கத்து அறையில் மாணவர்கள் பார்க்க, செம்பு ஒயர் கலக்காத முழு ஃபைபர் வழியாக மாட்டிக்கொள்ளுங்கள். சர்ஜன் முன்னால் வேண்டாம்.

கேள்வி (பயோமெடிக்கல் மாணவி): மானிட்டரில் படம் வருகிறது சார், ரெக்கார்டரில் மட்டும் வரவில்லை.

ஒன்று 50 ஹெர்ட்ஸிலும் மற்றது 60 ஹெர்ட்ஸிலும் இருக்கலாம். மெனுவில் பாரம்மா. படம் வந்தும் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் கலர் ஃபார்மட் பொருந்தவில்லை.

கேள்வி: இனி எல்லாம் வயர்லெஸ்தானே, இதெல்லாம் எதற்கு?

வயர்லெஸ் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கேபிள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் நடுவே வீடியோ ரூட்டர் (படத்தைத் திரைகளுக்கு அனுப்பும் பெட்டி) நின்றுவிட்டது. கேமரா, மானிட்டர் இரண்டும் நன்றாக இருந்தும் திரை கறுப்பு. சர்ஜன் கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். டவரின் பின்னால் மூன்று மீட்டர் எஸ்.டி.ஐ. கேபிள் ஒன்றைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தோம். சிஸ்டர் அதை எடுத்து யூனிட்டிலிருந்து நேராக மானிட்டருக்குச் சொருகினார், படம் வந்துவிட்டது. அந்தக் கேபிளில் சிவப்பு டேப் ஒட்டியிருந்ததால்தான் அவர் தேட வேண்டியிருக்கவில்லை.