காதுதான் முதலில் களைத்துப்போகும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் ஆறு பேர் சென்னையில் தமிழில் இம்ப்ராவ் நகைச்சுவை செய்கிறோம். எழுதிவைத்த வசனம் கிடையாது. பார்வையாளர் தரும் ஒரு சொல்லை வைத்து அங்கேயே காட்சி கட்டுவோம். எல்லோருக்கும் ஐ.டி. வேலை. இந்தப் பொங்கல் விடுமுறையில் மூன்று ஷோ ஒப்புக்கொண்டிருக்கிறோம். வெள்ளி இரவு மயிலாப்பூரில் 60 பேர் அமரும் சிறிய அரங்கு. காணும் பொங்கலான சனிக்கிழமை மாலை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழா. திறந்தவெளி, 300 பேர் வருவார்களாம். ஞாயிறு மாலை ஒரு காபிக்கடை. வெள்ளி நள்ளிரவு முதல் சனி காலை 6 மணி வரை எனக்கு ஆன்-கால், அதாவது அலுவலகத்திலிருந்து அழைத்தால் உடனே எழுந்து வேலை பார்க்க வேண்டும். கோவையிலிருந்து கல்லூரித் தோழிகள் மூவர் வந்து என் வீட்டில்தான் தங்குகிறார்கள்.

தீபாவளிக்கும் இப்படித்தான் மூன்று ஷோ போட்டோம். முதல் நாள் அமோகம். மூன்றாம் நாள் சிரிப்பே இல்லை. முதல் நாள் எடுபட்ட ரிட்டயர்டு தலைமையாசிரியர் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தோம், ஒருவர் பேச்சில் இன்னொருவர் விழுந்தோம், எனக்குக் குரலும் போய்விட்டது. இந்த முறை எப்படித் திட்டமிடுவது? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: ஒவ்வொரு வரியும் அடுத்த உயிரெழுத்தில் தொடங்க வேண்டிய விளையாட்டில் 'ஔ' வந்தால் மாட்டிக்கொள்கிறோம். அதற்கும் வழி சொல்லுங்கள்.

க., சென்னை

அன்புள்ள க.,

மூன்றாம் நாள் உங்களிடம் சரக்கு தீர்ந்துபோகவில்லை. காது தீர்ந்துபோயிற்று. களைத்த ஆள் கடைசிவரை பேசிக்கொண்டே இருப்பார். கேட்பதைத்தான் முதலில் விடுவார். இம்ப்ராவில் உங்கள் அடுத்த வரி எதிரில் இருப்பவரின் வரியிலிருந்து பிறக்க வேண்டும். அதைக் கேட்கவில்லை என்றால் நினைவிலிருந்துதான் எடுக்க முடியும். நினைவில் பளிச்சென்று இருப்பவர் நேற்றுக் கைதட்டல் வாங்கிய தலைமையாசிரியர், அவர் வந்து நின்றுவிடுகிறார். பாத்திரம் திரும்ப வந்தது, பேச்சில் பேச்சு விழுந்தது, கத்திக் கத்திக் குரல் போனது, மூன்றும் ஒரே நோய். அதனால் இந்த நான்கு நாளில் எதைத் தீர்மானித்தாலும், 'இது என் காதை மிச்சப்படுத்துமா?' என்று பார்த்துத் தீர்மானியுங்கள்.

தமிழில் நடிப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. நம் வாக்கியத்தின் உயிர் வாலில் இருக்கிறது. 'நான் நாளைக்குக் கல்யாணத்துக்கு வர' என்ற இடத்தில் நீங்கள் குறுக்கே பாய்ந்தால், அது 'வரேன்' ஆ, 'வரமாட்டேன்' ஆ, 'வரட்டுமாங்க' வா என்று உங்களுக்குத் தெரியாது. ஒப்புதலும் மறுப்பும் மரியாதையும் கடைசி அசையில்தான் தெரியவரும். எதிராளி வினைமுற்றைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். ஒத்திகையில் இதற்கு அந்தாதியைவிட நல்ல பயிற்சி இல்லை: முன்னவர் எந்தச் சொல்லில் முடித்தாரோ அந்தச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். 'சைக்கிள் பஞ்சர் ஆயிடுச்சு.' 'ஆயிடுச்சுன்னு அழுதா ஒட்டிக்குமா?' கடைசி எழுத்தை வைத்து ஆடாதீர்கள். நம் வாக்கியங்கள் பல ன், ம் என்று முடியும். மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, ஆட்டம் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடும்.

இன்னொரு தமிழ்ப் பழக்கம் 'இல்ல'. நாம் ஒத்துக்கொள்ளும்போதுகூட 'இல்ல, நான் என்ன சொல்றேன்னா' என்றுதான் ஆரம்பிப்போம். வீட்டில் அது வெறும் மூச்சு. மேடையில் அது எதிராளி கட்டிய சுவரில் விழும் கடப்பாரை. களைப்பு ஏற ஏற 'இல்ல' பெருகும். வியாழன் மாலை அரை மணி நேரம் ஆறு பேரும் கூடி, ஒவ்வொரு வரியையும் 'ஆமா, அதனாலதான்' என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். ஒருவர் ஓரமாக உட்கார்ந்து எத்தனை 'இல்ல' என்று எண்ணட்டும்.

இனி மூன்று நாளையும் எடுத்துக்கொள்வோம். உங்கள் குழு ஹெரால்டு ஆடுமானால் அதை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் தொடங்கி, பின்னர் சிகாகோவில் டெல் குளோஸும் சார்னா ஹால்பர்னும் வளர்த்தெடுத்த வடிவம் அது. ஒரே சொல்லிலிருந்து மூன்று காட்சிகள், நடுவில் குழு விளையாட்டு, அதே காட்சிகள் மறுபடி, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன் முதல் காட்சியில் அக்காவின் பெயர் என்ன, அவள் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாள் என்பது கடைசியில் கையில் இருக்க வேண்டும். தூக்கம் கெட்டவர்களுக்கு அது ஆகாது. மூன்றாவது சுற்றில் அக்காவின் பெயர் மாறும், பார்வையாளர் கவனித்துவிடுவார், அங்கே ஷோ உடையும்.

வெள்ளிக்கிழமையும் ஹெரால்டு ஆடலாமா என்பதை மேடையேறும் முன் சோதித்துக்கொள்ளலாம். வட்டமாக நின்று கண்ணை மூடி 1 முதல் 20 வரை எண்ணுங்கள். யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம். இருவர் ஒரே சமயம் சொன்னால் மறுபடி 1. ஐந்து நிமிடத்தில் 20ஐத் தொட்டால் காது திறந்திருக்கிறது. தொடவில்லையென்றால் அன்றைக்குச் சிறு விளையாட்டுகளுக்கு மாறிவிடுங்கள். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

சிறு விளையாட்டு களைப்பில் ஏன் தாங்கும் என்பதற்கு நம்மூரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகம் போடுகிறவர்கள் தனித்தனியாக ஒப்பந்தமாகி, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, கூடி ஒரு ஒத்திகைகூட இல்லாமல் இரவு பத்து மணி வாக்கில் மேடையேறி விடிய விடிய ஆடுகிறார்கள். திருவிழாக் காலத்தில் அடுத்தடுத்த இரவுகளும் அப்படியே. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று இடம் உறுதி. வள்ளி திருமணத்தின் கதை உறுதி. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு உறுதி. வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்யும்போது வார்த்தை மட்டும் அன்றைய இரவுக்கானது. சட்டகம் பாரத்தைச் சுமக்கிறது, நடிகருக்குக் கேட்கவும் பதில் சொல்லவும் மட்டும்தான் வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இந்த வழியில் போங்கள்: விதி இறுக்கமாக இருக்கட்டும், பேச்சு தளர்வாக இருக்கட்டும்.

சனிக்கிழமைதான் மூன்றிலும் கடினம். குடியிருப்பு விழாக்களில் பெரும்பாலும் கையில் பிடிக்கிற மைக் இரண்டுதான் கிடைக்கும். ஆறு பேர் இரண்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு நடித்தால் கையும் போகும், காட்சியும் போகும். அதற்கென்றே பொருந்தியது டப்பிங் விளையாட்டு: இருவர் மேடை நடுவில் வாயை மட்டும் அசைத்து நடிப்பார்கள், இருவர் ஓரத்தில் மைக்கோடு நின்று குரல் கொடுப்பார்கள். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நம் கூட்டத்துக்கு விதியை விளக்கவே வேண்டாம். வழக்கமாக என்ன தப்பாகும் என்றால், குரல் கொடுப்பவர் நடிப்பவரின் உடம்பைப் பார்க்காமல் தன் நகைச்சுவையை ஓட்டுவார். நடிப்பவர் கையை உயர்த்தும்வரை குரல் வரக்கூடாது என்று முதல் அரை நிமிடத்துக்கு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் ஒரே நிபுணராக உட்கார்ந்து ஆளுக்கொரு சொல்லாகப் பதில் சொல்லும் விளையாட்டும் நன்றாக எடுபடும். ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்தால் தமிழில் அது தரையிறங்காது: 'போயி', 'பாத்துட்டு', 'வாங்கிட்டு' என்று எச்சத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எட்டுச் சொல்லுக்குள் யாராவது ஒருவர் வினைமுற்றைப் போட்டாக வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேற்றுமை உருபைத் தனிச் சொல்லாக எண்ணாதீர்கள். 'கடையில' ஒரே சொல்.

300 பேரிடம் 'ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று கேட்டால் 'பொங்கல்', 'கரும்பு', ஒரு நடிகர் பெயர், இவ்வளவுதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: 'போகிக்குக்கூடத் தூக்கிப்போட விடாம உங்க வீட்ல அடம்பிடிச்சு வெச்சிருக்கற பொருள் எது?' முதலில் காதில் விழுந்ததை எடுத்து, மைக்கில் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்கு அது கேட்டால்தான் பின்னால் வரும் சிரிப்பு புரியும். 'தையல் மெஷின்' என்று வருகிறது என்று வையுங்கள். களைத்த நடிகர் 'இது என்னது?' என்பார். எதிராளி 'தெரியலையே' என்பார். இரண்டு வரி போயிற்று, காட்சியில் ஒன்றுமில்லை. களைப்பு கேள்வியாகத்தான் வெளியே வரும், ஏனென்றால் கேள்வி கேட்டால் பொறுப்பு அடுத்தவருடையது. காது திறந்திருக்கும் இருவர் இப்படிப் போவார்கள்:

'அம்மா, வருஷத்துக்கு ஒரு நாள் தொடைக்கறதுக்கு இதுக்கு ஒரு ரூமா?'

'ஆமான்டா. உங்கப்பா பாதியில விட்ட காலர் இன்னும் ஊசியிலேயே இருக்கு.'

யார், எங்கே, என்ன என்று அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் தன் விளையாட்டுகளில் வற்புறுத்திய மூன்றும் இரண்டே வரியில் வந்துவிட்டன. 'ஆமான்டா' வில் இருக்கிற அந்த 'டா' வையும் பாருங்கள். யார் மேலே, யார் கீழே என்பதை இம்ப்ராவ் ஆசிரியர் கீத் ஜான்ஸ்டன் நிற்கும் தோரணையிலும் பார்வையிலும் காட்டப் பயிற்சி கொடுத்தார். தமிழில் வா, வாங்க, வாடா என்ற முதல் சொல்லே அதில் பாதியைச் செய்துவிடுகிறது. அதனால்தான் 'நீங்க' என்று தொடங்கிய மருமகள் நடுவில் காரணமில்லாமல் 'நீ' என்றால் காட்சி குழம்புகிறது.

களைத்த மூளை மலிவானதைத்தான் தேடும். உருவக் கேலி, மனைவி ஜோக், நடிகர் மிமிக்ரி. குழந்தைகளும் பாட்டிகளும் முன்வரிசையில் இருக்கும் விழாவில் இவற்றை முதலிலேயே விலக்கிவிடுங்கள். யாராவது அந்தப் பக்கம் சாய்ந்தால் தோளில் தட்டி வெளியே அழைக்க ஒருவர் பொறுப்பேற்கட்டும். தலைமையாசிரியருக்கும் ஒரு மருந்து உண்டு: ஒவ்வொரு ஷோ முடிந்ததும் வந்த பாத்திரங்கள், இடங்கள், எடுபட்ட வரிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மறுநாள் ஒப்பனை இடத்தில் ஒட்டிவையுங்கள். அதில் இருப்பது எதுவும் இன்று வரக்கூடாது. நேற்றைய சிரிப்பு நேற்று அந்த நொடியில் இரண்டு விஷயம் எதிர்பாராமல் மோதியதற்கு விழுந்தது. அந்த மோதலைப் பார்க்காதவருக்கு அது வெறும் வசனம்.

ஆன்-கால் விஷயத்தில் இன்றே பேசுங்கள். வியாழன் பொங்கல் இரவு பணியை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், குடும்பத்தோடு இருக்க விரும்பும் ஒரு சக ஊழியர் வெள்ளி இரவை வாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். வெள்ளி ஷோவுக்கு முன் பகலில் தூங்கிக்கொள்ளலாம். மாற்ற முடியவில்லையென்றால் சனிக்கிழமை நீங்கள் தொகுத்து வழங்க வேண்டாம். தொகுப்பவர் 300 பேரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காலை 6 மணிக்குப் படுத்துப் பிற்பகல் வரை தூங்கிவிட்டு, அந்த மூன்று தலை நிபுணரில் ஒருவராக உட்காருங்கள். ஆனால் வழியை மறக்காதீர்கள்: காணும் பொங்கலன்று மெரினாவை ஒட்டியும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வண்டி நகராது. 6:30க்கு ஷோ என்றால் 3:30க்கே கிளம்புங்கள், ஆறு பேரும் ஒரே வண்டியில் வராதீர்கள்.

குரலுக்கு எதிரி புதன்கிழமையே வந்துவிடுவார்: போகிப் புகை. விடியற்காலை ஜன்னலைச் சாத்தி வையுங்கள், அன்று மொட்டைமாடியில் பயிற்சி வேண்டாம். தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு வாய் வெந்நீர் குடியுங்கள். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசுவதும் தவறு, அதுவும் குரல்நாண்களுக்கு உழைப்புதான். சும்மா இருப்பதே மருந்து. சர்க்கரைப் பொங்கலும் வடையும் ஷோவுக்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும்.

தோழிகளை மூன்று ஷோவுக்கும் அழைக்காதீர்கள். ஒன்றுக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமை, பக்கவாட்டு இருக்கையில். முன்வரிசையில் உட்கார்ந்தால் நீங்கள் அவர்களுக்காக நடிப்பீர்கள், அவர்களுக்கு மட்டும் புரியும் கல்லூரி ஜோக் வரும், மற்றவர்கள் அன்னியப்படுவார்கள். சொல் கொடுக்க வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உதவுகிறோம் என்றால் டிக்கெட் மேசையில் உட்காரட்டும், விளக்கைக் கொடுக்காதீர்கள். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே இருட்டாக்க வேண்டும். பழகாத கை இரண்டு வினாடி தாமதித்தால் நடிகர்கள் வெளிச்சத்தில் விழித்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சும் அரட்டையும் ஞாயிறு ஷோவுக்குப் பிறகு விடிய விடிய இருக்கட்டும். அதுவரை இரவு 11 மணிக்குப் படுக்கை என்று சொன்னால் கல்லூரித் தோழிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக 'ஔ'. இருவர் மாறி மாறி அ முதல் ஔ வரை 12 வரி பேசினால், பன்னிரண்டாவது வரி எப்போதும் இரண்டாவதாகப் பேசுகிறவருக்கே விழும். அவர் 'எ' வரும்போதே ஔவுக்குச் சொல் தேட ஆரம்பிப்பார், காதை மூடிவிடுவார், 'ஒ', 'ஓ' இரண்டும் வீணாகும். அதனால் எந்த எழுத்தில் தொடங்குவது என்று பார்வையாளரைக் கேளுங்கள். 'உ' வில் தொடங்கி 'ஈ' யில் முடித்தால் ஔ நடுவில் தானாக வந்து போய்விடும். 'ஔடதம்' என்று யாரும் பேசுவதில்லை, அதை நம்பாதீர்கள். 'ஓ' பேசுகிறவர்தான் அடுத்தவருக்கு வாசல் திறந்துவிட வேண்டும். ஆட்டோ காட்சி என்று வையுங்கள். 'ஓரமா எங்கம்மா நிறுத்த?' என்று ஓட்டுநர் கேட்டால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் தயார்: 'ஔவை சண்முகம் சாலை முனையில நிறுத்துங்கண்ணா.'