அட்டன் ஹாட்வெயார் கடைக்கு வாழ்த்து அட்டை: என் யோசனை

வணக்கம் சகோதரம். தமிழ், சிங்கள, முஸ்லிம் வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே தீபாவளி அட்டையை, உள்ளே விலைப்பட்டியலும் வைத்துத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலைப்பட்டியலை முதலில் எடுத்துவிடுங்கள். வாழ்த்தைப் பிரித்ததும் சீமெந்து விலை தெரிந்தால் அது வெறும் நோட்டீஸ்தான்.

ஒரே அட்டைதான் கட்டுப்படியாகும் என்றால் ஏப்ரல் புத்தாண்டுக்கு அனுப்புங்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கொண்டாடும் நாள். இரு மொழியிலும் அச்சடிக்கலாம். முஸ்லிம் வாடிக்கையாளருக்கு நோன்புப் பெருநாளுக்குத் தனியாக வாழ்த்துவதுதான் மரியாதை.

முகவரிதான் பெரிய சிக்கல். நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்திலேயே கிடந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆகவே பெயரோடு தகப்பன் பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), தோட்டம், தபாலகம் எல்லாம் எழுதுங்கள். அதைவிட, சாமான் இறக்கப் போகும் லொறியில் கொடுத்தனுப்புவது மேல். எந்த லயம், அதில் எந்தக் காம்பரா (வீடு) என்று டிரைவருக்குத் தெரியும். "முதலாளி குடுக்கச் சொன்னாரு" என்று கையில் கொடுத்தால் அந்த வீட்டுக்கே சந்தோஷம்.

கடன் பாக்கி உள்ளவர்களுக்கும் அட்டை அனுப்புங்கள், அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் அவர்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், பாக்கியை ஞாபகப்படுத்துவதாகவே படும். புத்தாண்டுக்கு மாற்ற இதுவும் ஒரு காரணம்.

கையெழுத்தை அச்சடிக்காமல் நீங்களே போடுங்கள். நம் மழைக்கு மைப்பேனா ஊறிவிடும், போல்பொயின்ட் பேனா போதும்.