டாக்டரிடம் கேளுங்கள்: வீடியோ சரியாக வராத இடத்தில் வைத்தியம்

கேள்வி: கோவிட் காலத்தில்தான் படிப்பை முடித்து, நெட் சரியாகக் கிடைக்காத ஒரு சின்ன மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடியோவில் பார்க்கச் சொன்னார்கள், பாதி நேரம் குரல் மட்டும்தான் வந்தது. தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதியது இன்னும் உறுத்துகிறது. வசதியில்லாத இடத்தில் ஃபோன், வீடியோ வழியாகப் பார்க்கும் இந்த டெலிமெடிசின் உண்மையிலேயே வைத்தியம்தானா, டாக்டர்?

பதில்: வைத்தியம்தான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்ன நாட்களை நினைத்துப் பாருங்கள். முகக்கவசத்துக்கே தட்டுப்பாடு, காத்திருக்கும் வரிசையிலேயே தொற்றிக்கொள்ளும் என்ற நிலை. சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன ஒருவர் அங்கே வந்து நிற்பதைவிட, ஃபோனில் பேசி அதே மாத்திரையைத் தொடர்வது அவருக்கு எவ்வளவோ பாதுகாப்பு. இந்தியாவில் அதே மார்ச் 25இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் வீடியோ, குரல், எழுத்துச் செய்தி மூன்றையுமே ஏற்றுக்கொண்டன. சில மருந்துகளை முதல் தடவை வீடியோவில் பார்த்துத்தான் எழுதலாம், போதை வகை மருந்துகளை எழுதவே கூடாது என்று எல்லையும் போட்டன. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் டாக்டர் எப்போது வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம் என்பதும் அதில் உண்டு, எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏனென்றால் ஃபோனில் நம் பெரிய வேலையே யாரை இன்றே கிளம்பி வரச் சொல்வது என்று கண்டுபிடிப்பதுதான்.

அதற்குக் குரலே நிறையச் சொல்லும். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்கிறாரா, நடுவில் நிறுத்தி இழுக்கிறாரா என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணச் சொல்லி, நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள், முழு ஒரு நிமிடம். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும், 30ஐத் தாண்டினால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரே மூச்சில் 30 வரை எண்ணவைத்து ஆக்சிஜனை ஊகிக்கும் முறையை 2020இல் பலர் பயன்படுத்தினார்கள், அதை நம்ப முடியாது. மூச்சிரைப்பே இல்லாமல் ஆக்சிஜன் குறைந்தவர்களும் உண்டு என்பதால் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தப்பாகக் காட்டும், கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். ஆகவே 94, 95 சதவீதம் என்று எல்லையில் நின்றால் அந்த எண்ணை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் சுகாதாரப் பணியாளர். நோயாளி என் பக்கத்தில், டாக்டர் ஃபோனில். என் வேலை என்ன?

பதில்: டாக்டரின் கை நீங்கள்தான், என் அனுபவத்தில் விலையுயர்ந்த கருவிகளைவிட உங்களைப் போன்ற ஒருவர் அங்கே இருந்தது அதிக உயிர்களைக் காப்பாற்றியது. அழைப்பதற்கு முன்பே காய்ச்சல், நாடித்துடிப்பு, பி.பி., சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தோலில் தடிப்பு என்றால் வீடியோவுக்குப் போராடாமல் பகல் வெளிச்சத்தில் இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், மெதுவாகப் போனாலும் தெளிவாகப் போகும்.

அப்புறம், ஸ்பீக்கரில் போடும் முன் அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணோ, கர்ப்பத்தை இன்னும் யாரிடமும் சொல்லாத பெண்ணோ எல்லோரும் கேட்க எதையும் சொல்ல மாட்டார், டாக்டரிடம் ‘ஆமாம், இல்லை’ என்று பதில் வரும்படி கேட்கச் சொல்லுங்கள். அந்த ஃபோன் யாருடையது என்பதையும் கேட்டுவையுங்கள், பல வீடுகளில் அது மகனுடையதாக இருக்கும், சோதனை முடிவு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். லைன் அறுந்தால் யார் யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்பதை முதல் நிமிடத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.