தேயிலைக்கு நடுவே ஒரு வீடு

வெளிநாட்டில் வாழும் வாசகர்களின் மலைநிலக் கேள்விகளுக்கு, கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

குன்னூரில் பிறந்தவன் நான். இப்போது சிங்கப்பூர்க் குடிமகன்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. கோத்தகிரி பக்கம் 40 சென்ட் தேயிலை, நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. “ஓசிஐ இருந்தால் நீங்களும் இந்தியர் கணக்குதான்” என்கிறார் புரோக்கர். முன்பணம் கொடுக்கலாமா ஐயா?

கொடுக்காதீர்கள். புரோக்கர் சொல்வதில் பாதிதான் உண்மை. ஓசிஐ அட்டைதாரர் இந்தியாவில் குடியிருப்பு வீட்டையோ கடையையோ ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமலே வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் மட்டும் விலைக்கு வாங்கக் கூடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த விதிகளில் இது ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடமோ இந்த மூன்றில் எதற்கும் பொருந்தும். வெளியூர்க்காரர்கள் மனதைப் பறிகொடுக்கும் மலை இடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஊருக்குள் நெருக்கமாக நிற்கும் வீட்டை யாரும் புகைப்படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவதில்லையே!

“வீட்டு வரி ரசீது இருக்கிறது” என்று அடுத்து சொல்வார். வரி கட்டுவதால் நிலத்தின் வகை மாறாது. வருவாய்த் துறையின் நிலப் பதிவான சிட்டாவை எடுத்துப் பாருங்கள், புன்செய், அதாவது விவசாய நிலம் என்று இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேளுங்கள், பயிர் என்ற இடத்தில் தேயிலை என்று இருக்கும். “வாங்கிய பிறகு வீட்டுமனையாக மாற்றித் தருகிறேன்” என்பது அதற்கும் அடுத்த வசனம். முதலில் விற்பவர் தன் செலவில் மாற்றி, கட்டட வரைபட அனுமதியும் வாங்கி வைக்கட்டும், பிறகு பேசலாம். நீலகிரியின் பல கிராமங்கள் 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் வருகின்றன. அங்கே ஒரு கட்டடத்துக்கு அனுமதி வாங்குவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. பொக்லைனை இறக்கி மண்ணை வெட்டுவதற்கும்கூட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முத்திரைத் தீர்வை சரியா, அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு சரியா, கையெழுத்துப் போடுபவர் அவர்தானா, இவைதான் எங்கள் முதல் கவலை. உங்கள் கடவுச்சீட்டின் நிறமும் பணம் வந்த வங்கிக் கணக்கும் எங்கள் கண்ணில் படாமலே போகலாம். பிறகு ஒருநாள் இடத்தை விற்றுப் பணத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் போவீர்கள். வங்கி பத்திரத்தைக் கேட்கும். அமலாக்கத் துறை வரைக்கும் விவகாரம் போனால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குடியிருப்பு வீடாகவே பாருங்கள். வரைபட அனுமதி, மூலப்பத்திரம், தனிப்பட்டா, குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, எல்லாம் கைக்கு வந்த பின் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். இந்தப் பகுதியில் தனிப்பட்டா என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கும் நிலங்கள் ஏராளம். நான்கு அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட வருவார்கள்; மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த அக்காவை யாரும் சொல்லமாட்டார்கள். பத்திரம் முடிந்த பிறகு அந்த அக்காவே நேரில் வந்து சொல்லுவார்.

துபாயில் வேலை. இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறேன். கொடைக்கானல் கீழ்மலையில் காபித் தோட்டம் வாங்க எனக்கும் தடை உண்டா? அப்பா பெயரில் வாங்கினால் தப்பிக்கலாமா?

உண்டு, தம்பி. இந்த விதி குடியுரிமையைவிட நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. வேலைக்காக வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கும் அதே மூன்று தடைகள் உண்டு. வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால் நீங்கள் இங்கே வசிப்பவர். அப்போது பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ தாராளமாக வாங்கலாம்.

அப்பா பெயர் விஷயத்தில் நிதானமாக இருங்கள். அப்பாவுக்கு நீங்கள் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் தமக்காக வாங்கினால் தவறில்லை. ஆனால் அது உண்மையிலேயே அவருடைய சொத்து. உயில் எழுதாமல் அவர் காலமானால் உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களுக்கும் சம பங்கு. “பெயர்தான் அப்பாவுடையது, தோட்டம் என்னுடையது” என்ற நினைப்பில் வாங்கினால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். தங்கையின் கணவரை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதுச்சேரிக்காரி நான், பிரெஞ்சுக் குடியுரிமை, ஓசிஐ அட்டை. கணவர் பிரெஞ்சுக்காரர். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. வட்டக்கானலில் வாடகைக்கு இருக்கிறோம். இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்க ஆசை. “இப்போதைக்குத் தோட்டக்காரர் பெயரில் வாங்கி வையுங்கள்” என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

அம்மா, அந்த நண்பரின் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம் 1988-இல் வந்தது; 2016-இல் அதற்குக் கூர்மையான பல் முளைத்தது. சொத்து பறிமுதலாகும். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். தோட்டக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அவரையும் சேர்த்துத்தான் சிக்க வைப்பீர்கள்.

நேர்வழியே இருக்கிறது. நீங்கள் மட்டும் உங்கள் பெயரில் குடியிருப்பு வீடு இன்றைக்கே வாங்கலாம். இந்திய வம்சாவளியில் வராத கணவரையும் சேர்க்க வேண்டுமென்றால், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். அதன் பிறகு இருவரும் கூட்டாக ஒரே ஒரு சொத்து வாங்கலாம். அதுவரை வாடகையிலேயே இருங்கள். பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். யூரோ நோட்டுகளாக எண்ணிக் கொடுக்கக் கூடாது.

கொடைக்கானல் என்பதால் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. அங்கே 1993-ஆம் ஆண்டின் மாஸ்டர் பிளான் பல காலம் தாளில் மட்டுமே இருந்தது. அதை மீறிக் கட்டிய ஏராளமான கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2019-இல் சீல் வைத்தார்கள். வீட்டின் வரைபட அனுமதியை வாங்கிக்கொண்டு அதைக் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். தாளில் ஒரு மாடியும் நேரில் மூன்று மாடியும் இருந்தால், அந்த இரண்டு மாடிகளுக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை கேட்கிறார்கள்.

நுவரெலியாவில் பிறந்த இலங்கைக் குடிமகன். தாயகம் திரும்பிய சித்தப்பா குடும்பம் கூடலூர் பக்கம் இருக்கிறது. அவர்கள் வீட்டருகே 10 சென்ட் வருகிறது. எனக்கு உரிமை உண்டா?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அண்ணனை அங்கேயும் தம்பியை இங்கேயும் வைத்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அதே குடும்பத்தில் பிறந்த உங்களை இன்று சட்டம் வேறு வரிசையில் நிற்க வைக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், சீனா போன்ற நாடுகளோடு இலங்கையும் ஒரு பட்டியலில் இருக்கிறது. அந்த நாட்டுக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு.

ஆனால் ஓசிஐ அட்டை பெற்றவருக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. இலங்கைக் குடிமக்களுக்கு ஓசிஐ மறுக்கப்படுவதில்லை. பாகிஸ்தான், வங்கதேச வழியினருக்குத்தான் மறுப்பு. தாத்தாவோ பாட்டனோ எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறினார் என்பதற்கு ஆவணம் தேடுங்கள். சித்தப்பாவின் பெட்டியில் அந்தக் காலத்துத் தாள் ஏதாவது இருக்கும். அவரிடமே முதலில் கேளுங்கள்.

அட்டை கிடைத்தாலும் அந்த 10 சென்டை வாங்கும்படி சொல்லமாட்டேன். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பெரும்பகுதி பழைய ஜன்ம நிலம், அதாவது ஒரு காலத்தில் பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலம். 1969-இல் இயற்றி 1974-இல் நடைமுறைக்கு வந்த ஜன்ம ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17-வது பிரிவில் சிக்கிய நிலங்களின் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பட்டா இல்லை, மின் இணைப்பு வாங்கவே மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். கைமாறுவது உரிமை இல்லாத வெறும் ‘அனுபவம்’தான், முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டு, அது 17-வது பிரிவில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விசாரியுங்கள். டான்டீயின் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டை யாராவது விற்க வந்தால் பேச்சையே தொடங்காதீர்கள்.

குன்னூரில் அடுக்குமாடி வீடு பேசியிருக்கிறேன். வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம், மீதி ரொக்கம் என்கிறார் விற்பவர். எனக்கும் பதிவுச் செலவு குறையுமே? (லண்டன் வாசகர்)

குறையும்தான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என ஒன்பது சதவீதம் மிச்சம். லாபம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. நாளை நீங்கள் விற்கும்போது பத்திரத்தில் உள்ள விலைதான் நீங்கள் கொடுத்த விலை; மீதியெல்லாம் லாபம் என்று கணக்காகி அதற்கு வரி கட்டுவீர்கள். திரும்ப எடுத்துச் செல்லும் பணத்துக்கும் பத்திரமும் வங்கிக் கணக்குமே ஆதாரம். கறுப்பில் கொடுத்தது லண்டனுக்குத் திரும்பாது.

தாண்டிக்குடியில் அப்பாவின் காபி, மிளகுத் தோட்டம் எனக்கு வந்திருக்கிறது. நான் கனடா குடிமகன். அரசு எடுத்துக்கொள்ளுமா?

எடுத்துக்கொள்ளாது. விலைக்கு வாங்கத்தான் தடை. வாரிசாகப் பெறத் தடை இல்லை. விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். டொரண்டோவில் இருக்கும் சொந்தக்காரருக்கு விற்க முடியாது.

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். பலர் முழு விலைக்கும் கணக்கிட்டுப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் நகராட்சி எல்லைக்கு வெகுதூரத்தில் உள்ள கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே வராமல் போகலாம். ஆகவே ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்குங்கள். பணம், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஓ. கணக்கில் விழும்; அங்கிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை ஆவணங்களோடு அனுப்பலாம்.

நேரில் வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்புங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தாள் வந்து பீரோவில் உறங்கிவிட்டது என்று நான்காவது மாதம் வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சட்டமெல்லாம் இருக்கட்டும் ஐயா. வீடு பார்க்க எப்போது வரலாம்? மே மாதம் மலர்க் கண்காட்சியோடு வரலாமா?

கண்காட்சிக்கு வாருங்கள், வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு. வீடு பார்க்க மட்டும் வராதீர்கள். மே மாதத்தில் இந்த மலையில் எல்லா வீடும் அழகுதான். கோத்தகிரி, குன்னூர் என்றால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் வர வேண்டும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். 2009 நவம்பரில் கேத்தி சுற்றுவட்டாரத்தில் பெய்த மழையில் சரிவுகள் பெயர்ந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

மழையில் வந்தால் தடுப்புச்சுவரின் அடியைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் உண்மையில் தண்ணீர் வருகிறதா? துளை காய்ந்து, சுவர் முன்னால் வயிறு தள்ளியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். அறைக்குள் போய்ச் சன்னல் காட்சியை விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் வளர்ந்த உடம்பும் லண்டன் ஹீட்டரில் வாழ்ந்த உடம்பும் எங்கள் ஈரத்தை ஒரே மாதிரி திட்டுகின்றன. மார்ச்சில் இன்னொரு முறை வந்து குழாயைத் திறந்து பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வரும் என்று விற்பவரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். காட்டுமாடு எந்த வழியாகத் தேயிலைக்குள் இறங்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

முடிந்தால் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். இரவு மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்பது அதில்தான் தெரியும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பட்டாவைவிட இதை நான் முக்கியமாகச் சொல்வேன்.

ஊட்டியில் எங்கள் மாடியை ஒரு ஜெர்மன் தம்பதிக்கு வாடகைக்கு விடப் போகிறோம். என்ன செய்ய வேண்டும்?

அவர்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலக இணையதளத்தில் விவரம் பதியுங்கள். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. கடவுச்சீட்டு, விசா நகல் இரண்டையும் வாங்கி வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். வெள்ளைக்காரர் என்பதற்காகப் பத்து மாத அட்வான்ஸ் கேட்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைதான் முன்பணம்.