கோழி எப்படி சார் டைனோசர் ஆகும்?

வணக்கம் சார்,

போன கட்டுரையில் போகிற போக்கில் ‘கோழியும் ஒரு டைனோசர்தான்’ என்று எழுதியிருந்தீர்கள். டைனோசரிலிருந்து பறவை வந்தது என்றால் சரி, டைனோசரே என்பது கொஞ்சம் ஓவராக இல்லையா? நாமும் ஒரு காலத்தில் மீனிலிருந்து வந்தவர்கள்தானே, அதற்காக என்னை மீன் என்பீர்களா? என் மகள் வேறு, டைனோசர் படங்களில் இறக்கையோடு பறக்கிறதே, அதுதான் பறவைக்குத் தாத்தாவா என்று கேட்கிறாள்.

ச.

அன்புள்ள ச.,

மீன் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நுரையீரல் மீனுக்குச் சுறாவைவிட நீங்களும் நானும்தான் நெருங்கிய சொந்தம். உருவத்தை விட்டுவிட்டு யார் யாருக்குப் பங்காளி என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். அதே கணக்கில், டைரனோசாரஸுக்கு மூன்று கொம்பு டிரைசெராடாப்ஸைவிடக் கோழிதான் நெருக்கம். டிரைசெராடாப்ஸை உள்ளே வைத்துக்கொண்டு கோழியை மட்டும் வெளியே தள்ள என்ன காரணம் சொல்வீர்கள்? பறக்கிறது என்றா? வௌவாலும்தான் பறக்கிறது, அதைப் பாலூட்டி இல்லை என்று யாரும் தள்ளிவைக்கவில்லையே.

இது புதுசாகக் கிளம்பிய பேச்சும் இல்லை. 1861இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் கிடைத்தது. சிறகு உண்டு, கூடவே பல்லும் நீண்ட எலும்பு வாலும் உண்டு. சில வருடங்களிலேயே ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி பறவைக்கும் டைனோசருக்கும் உள்ள இந்த உறவைச் சொல்லிவிட்டார். அப்புறம் அதை ஏற்க ஏன் இவ்வளவு தாமதம் என்றால், பெரும்பாலும் ஒரே ஒரு எலும்பால்தான். கோழியின் நெஞ்சுப் பக்கம் கவட்டை மாதிரி ஒன்று இருக்குமே, அது இரண்டு காறை எலும்புகள் ஒட்டி உருவானது. டென்மார்க்கின் ஹைல்மான், அடிப்படையில் ஓவியர், 1926இல் வந்த தன் புத்தகத்தில் டைனோசருக்கும் பறவைக்கும் உள்ள ஒற்றுமைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, ‘ஆனால் டைனோசருக்குக் காறை எலும்பு கிடையாது, தொலைந்த எலும்பு பரிணாமத்தில் திரும்பி வராது, ஆகவே உறவு இல்லை’ என்று முடித்துவிட்டார். பல பத்தாண்டுகள் அதுதான் பாடம். இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம், 1923இல் மங்கோலியாவில் தோண்டியெடுத்த ஓவிராப்டர் என்ற டைனோசரில் அந்தக் கவட்டை எலும்பு இருந்தது, மறுவருடமே அச்சிலும் வந்தது, வேறு எலும்பு என்று பெயர் போட்டு!

1960களில் அமெரிக்காவின் மொன்டானாவில் டைனோனிகஸ் என்ற டைனோசரைக் கண்டெடுத்த புதைபடிவ ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் அதன் கையையும் மணிக்கட்டையும் ஆர்க்கியோப்டெரிக்ஸோடு ஒப்பிட்டு வழக்கை மறுபடி திறந்தார். 1996இல் சீனாவின் லியாவோனிங்கிலிருந்து சினோசாரோப்டெரிக்ஸ் வந்தது. பறக்கவே தெரியாத சின்ன டைனோசர், உடம்பெல்லாம் பூஞ்சிறகு மாதிரி இழைகள். அதன் நிறமிகளைப் பிறகு ஆராய்ந்து வாலில் செம்பட்டைப் பட்டைகள் இருந்தன என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். ஆக, சிறகு பறப்பதற்காக வந்ததல்ல. முதலில் குளிருக்குப் போர்வையாகவோ பகட்டுக்காகவோ இருந்திருக்கலாம்.

மகளுக்குப் பதில்: படத்தில் பறப்பது டெரோசார். அது டைனோசரே இல்லை, டைனோசருக்குப் பக்கத்துக் கிளை. அதன் இறக்கை நீண்டு வளர்ந்த ஒற்றை விரலிலிருந்து உடம்பு வரைக்கும் இழுத்துக் கட்டிய தோல். பறவையின் இறக்கையில் வேலை செய்வது சிறகுகள், விரல்கள் குறுகி ஒட்டிப்போனவை. தாத்தா முறைக்கு அவள் தேட வேண்டியது, இரண்டு காலில் தரையில் ஓடிக்கொண்டிருந்த டைனோசர்களிடம்.